அக்கி மாத்திரை: ஐந்து வேளையா, மூன்று வேளையா?

கேள்வி: எங்கள் ஊர் திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு 72 வயது, எடை 45 கிலோ. சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. மூன்றரை வாரத்துக்கு முன்னால் இடது விலாவில் அக்கி வந்தது. முதலில் வேளார் வீட்டில் காவி எழுதிப் பார்த்தோம். எரிச்சல் அடங்கவில்லை. நான்காம் நாள் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அசைக்ளோவிர் 800 மாத்திரையை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். வலி தாங்காததால் மெடிக்கலில் சொல்லி வலி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தோம். வெயில் காலம், அம்மா சரியாகச் சாப்பிடவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி, இறந்துபோன அப்பா வாசலில் நிற்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார். கை உதறியது. அக்கி தலைக்கு ஏறிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள். மறுநாள் மதியம்தான் மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையை நிறுத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்று நாளில் தெளிந்துவிட்டார். சேர்த்த அன்று கிரியாட்டினின் 2.9, வீட்டுக்கு வரும்போது 1.6. போன வருடம் எடுத்த ரிப்போர்ட்டும் 1.6 என்றுதான் இருக்கிறது. அது மஞ்சப்பையில் கிடந்தது, டாக்டரிடம் காட்டத் தோன்றவில்லை.

இந்த மாத்திரை அம்மாவுக்கு ஆகாதா, இனிமேல் தொடவே கூடாதா? புண் ஆறிவிட்டது, எரிச்சல் மட்டும் போகவில்லை. மிச்சம் இருக்கும் 20 மாத்திரையையும் கொடுத்து முடித்துவிடலாமா? அண்ணன் மகனுக்கு எட்டு வயது, நேற்று அம்மை போட்டிருக்கிறது. அந்த மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று மதினி கேட்கிறார். தம்பி மனைவி ஐந்து மாதம் முழுகாமல் இருப்பதால் அடுப்படிப் பக்கம் விடாமல், பையனைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்று. தம்பி மனைவியை அந்தப் பையனிடமிருந்து இப்போதே விலக்கி வையுங்கள். முடிந்தால் வேறு வீட்டில் தங்கட்டும். அடுப்படி வேலையால் அவருக்கு ஒன்றும் ஆகாது, பையனைப் பார்த்துக்கொள்வதுதான் ஆபத்து. சின்ன வயதில் அவருக்குச் சின்னம்மை போட்டதா, இல்லை இரண்டு தவணை சின்னம்மைத் தடுப்பூசி போட்டதா என்று அவருடைய அம்மாவிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. இல்லை என்றாலோ, யாருக்கும் ஞாபகம் இல்லை என்றாலோ, அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அம்மை ஒட்டும் என்பதால், பையனோடு எத்தனை நாள் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டு. இல்லையென்றால் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி இருக்கிறது. அதைப் பத்து நாளுக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போட முடியாது. கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் சில சமயம் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிவிடும். உடம்பில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. அங்கே அநேகமாக இதே அசைக்ளோவிரைத்தான் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பல வருட அனுபவம் உள்ள மருந்துதான், பயம் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுப்பதாக அது இருக்கக் கூடாது.

சரி, அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். நான் மருந்தாளுநர், டாக்டர் அல்ல. நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எப்படி வெளியே வருகிறது என்பது என் வேலை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அம்மாவுக்கு இந்த மருந்து ஆகாமல் போகவில்லை. அவருடைய சிறுநீரகத்துக்குத் தாங்காத அளவு உள்ளே போயிருக்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இதில் குழம்பினால் நாளைக்கு அவருக்குத்தான் நஷ்டம்.

அசைக்ளோவிர் நல்ல மருந்து. அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் பல வருடம் உழைத்த ஜெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாருக்கு 1988-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால்தான் இந்த மருந்து வேலை செய்யத் தொடங்கும். அதைத் தூண்டிவிடுவதே அந்த வைரஸின் நொதிதான். நல்ல செல்களை அது அநேகமாகச் சீண்டுவதில்லை. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்குத் தலைவலி, குமட்டலோடு போய்விடுகிறது.

ஆனால் ரத்தத்தில் சேர்ந்த அசைக்ளோவிரில் பெரும்பகுதி அப்படியே சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அதனால்தான் ஐந்து வேளை. சிறுநீரகம் முழுவதும் நின்றுபோனவருக்கு அதே பாதி வெளியேற ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அம்மா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புது மாத்திரை உள்ளே போகிறது, பழையது வெளியே போகவில்லை. மூன்று நாளில் 15 மாத்திரை. தேங்கிய மருந்து மூளையைத் தொட்டால் உளறல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, கை உதறல், தூக்கக் கலக்கம் எல்லாம் வரும். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று நாளில் வரும், நிறுத்திய சில நாளில் தெளியும். அம்மாவுக்கு நடந்தது இதே வரிசையில்தான்.

'1.6 என்றால் கொஞ்சம்தானே கூட' என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். லேப் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே 1.2 வரை சரி என்பதுபோல அச்சடித்திருப்பார்கள். அந்த எண் வயதான, மெலிந்த பெண்களிடம் ஏமாற்றிவிடும். கிரியாட்டினின், தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. 45 கிலோ உடம்பில் தசை குறைவு, அதனால் உற்பத்தியும் குறைவு. அப்படியிருந்தும் 1.6 ஏறியிருக்கிறது என்றால் வடிகட்டுவது அவ்வளவு குறைந்திருக்கிறது என்று பொருள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்க்க, 1976-லிருந்து நாங்கள் பயன்படுத்தும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கு ஒன்று உண்டு. 140-லிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்க வேண்டும். அம்மாவுக்கு 68-ஐ 45-ஆல் பெருக்கினால் 3060. அதை, கிரியாட்டினினை 72-ஆல் (இது கணக்கில் எல்லோருக்கும் உள்ள எண், அம்மாவின் வயது அல்ல) பெருக்கி வரும் 115-ஆல் வகுத்தால் சுமார் 26.6. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். ஆக, நிமிடத்துக்குச் சுமார் 23 மில்லி. நல்ல சிறுநீரகம் உள்ள இளவயதினருக்கு இது 100-ஐ ஒட்டி இருக்கும்.

அக்கிக்கு அசைக்ளோவிர் 800 ஐந்து வேளை என்பது இந்த எண் 25-க்கு மேல் இருப்பவர்களுக்கு. 10-லிருந்து 25 வரை என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, மூன்று வேளை. அதற்கும் கீழே போனால் இரண்டு வேளை. மஞ்சப்பையில் கிடந்த அந்த ஒரு தாளை டாக்டர் பார்த்திருந்தால் மூன்று வேளை என்று எழுதியிருப்பார். உங்களைக் குறை சொல்லவில்லை. கேட்க வேண்டியது எங்கள் கடமை. பல வருடங்களுக்கு முன் என் கவுண்டரிலேயே ஒருவர் வாலாசைக்ளோவிர் சீட்டோடு வந்தார். அசைக்ளோவிரின் இன்னொரு வடிவம் அது, நன்றாக உறிஞ்சப்படுவதால் மூன்று வேளை போதும். எழுதியிருந்தபடியே கொடுத்து அனுப்பினேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர் அவர் என்று நான்கு நாள் கழித்து அவருடைய மகன் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். 'கிட்னி எப்படி இருக்கிறது?' என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். அதன்பிறகு இந்த மருந்தை ஒருவருக்கும் அந்தக் கேள்வி கேட்காமல் கொடுத்ததில்லை.

வெயிலும், தண்ணீர் குடிக்காததும், அந்த வலி மாத்திரையும் கூட்டுச் சேர்ந்துதான் 1.6-ஐ 2.9-க்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். தண்ணீர் வற்றிய உடம்பில் அசைக்ளோவிர் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உப்புக்கல்போலப் படியக்கூடும். மெடிக்கலில் 'சொல்லி வாங்கிய' வலி மாத்திரை டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையாக இருந்தால், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே அது குறைக்கும். அட்டையைத் தேடி எடுத்துப் பெயரைப் பாருங்கள். இந்த வகை மாத்திரை அம்மாவுக்கு இனி வேண்டாம், மூட்டுவலிக்கும் வேண்டாம். கொஞ்சம் வலி என்றால் பாராசிட்டமால் போதும். அவர் தினமும் சாப்பிடும் சர்க்கரை, பி.பி. மாத்திரைகளையும் இந்த 1.6-ஐக் காட்டி ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் இருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள், சிறுநீரகம் இந்த அளவு குறைந்தவர்களுக்கு அதை நிறுத்திவிடுவார்கள். நாமாக எதையும் நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளவும் வேண்டாம்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: தொடலாம், தேவை வந்தால், அளவு குறைத்து. அம்மாவின் சிகிச்சை நோட்டில் 'அசைக்ளோவிர் அலர்ஜி' என்று யாரையும் எழுத விடாதீர்கள். அப்படி எழுதிவிட்டால், நாளைக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்து இந்த மருந்து உயிர் காக்க வேண்டிய நேரத்தில், எழுதியிருப்பதைப் பார்த்துக் கொடுக்கத் தயங்குவார்கள். முதல் பக்கத்திலேயே இப்படி எழுதி வையுங்கள்: 'சிறுநீரகம் குறைவு, கிரியாட்டினின் 1.6, அசைக்ளோவிர் முழு அளவில் குழப்பம் வந்தது.' ரிப்போர்ட்டை உங்கள் செல்போனிலும் தம்பி செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். மஞ்சப்பை வீட்டில் இருந்தாலும் போன் கையோடு வரும்.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ராத்திரி உளற ஆரம்பித்தவரை மறுநாள் மதியம் வரை வீட்டில் வைத்திருந்தீர்கள். மாத்திரையால்தான் உளறுகிறார் என்று இன்றைக்கு எழுதிவிட முடிகிறது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அக்கி வைரஸே மூளையைத் தாக்குவதும் உண்டு, அபூர்வம்தான். அப்போது மாத்திரையை நிறுத்துவது தப்பு, ஊசியாக ஏற்ற வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவமனையில்தான் முடியும். அதனால் உளறல் என்றால் 108, எந்த நேரமானாலும்.

இப்போது எரிச்சல். மிச்சம் உள்ள 20 மாத்திரையைக் கொடுத்தால் இந்த எரிச்சல் போகாது. அக்கி என்பது என்றைக்கோ வந்துபோன அம்மையின் வைரஸ்தான். நரம்பின் முடிச்சில் பல வருடம் ஒளிந்து கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. ஒரு பக்கமாகப் பட்டைபோல வருவது அதனால்தான். அது பெருகும்போது அடிக்கத்தான் அசைக்ளோவிர். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். இப்போது வைரஸ் அடங்கிவிட்டது. எரிவது, அது கிழித்துவிட்டுப் போன நரம்பு.

சேலை பட்டால்கூட எரிகிறது, மின்சாரம் பாய்வதுபோல இழுக்கிறது என்று அம்மா சொல்கிறாரா? அது நரம்பு வலி. பலருக்கு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அடங்கிவிடும். மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால்தான் அக்கிக்குப் பின்வரும் நரம்பு வலி என்று டாக்டர்கள் பெயர் வைப்பார்கள். அதற்காக மூன்று மாதம் சும்மா தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கேபாபென்டின், ப்ரீகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இங்கேதான் திரும்பவும் உஷாராக இருக்க வேண்டும். கேபாபென்டினும் ப்ரீகாபாலினும் அசைக்ளோவிர் மாதிரியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அம்மாவுக்கு வழக்கமான அளவு கொடுத்தால் தலைசுற்றும், தள்ளாடி விழுவார், மறுபடியும் குழப்பம் வரும். அமிட்ரிப்டிலின் சிறுநீரகத்தை அவ்வளவு நம்பியிருப்பதில்லை, ஆனால் வயதானவர்களுக்கு மயக்கம், வாய் உலர்வது, சிறுநீர் கட்டுவது என்று வேறு தொந்தரவு. எதைத் தொடங்கினாலும் மிகக் குறைந்த அளவில், இரவில் தொடங்கி, ஒரு வாரம் பார்த்து ஏற்றுவதுதான் முறை. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் வலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த 1.6 தாளை மேஜைமேல் வையுங்கள்.

அக்கி எழுதியதைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருப்பது தெரிகிறது. என் பாட்டிக்கும் எழுதியிருக்கிறார்கள், அதைப் பழிக்க எனக்கு மனம் வராது. கொப்புளம் தானாகவே இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் காய்ந்து விழும், காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும். அந்தச் சடங்கில் போனது மூன்று நாள். மாத்திரைக்கு மிகவும் தேவையான மூன்று நாள் அது. நம்பிக்கை இருந்தால் காலையில் டாக்டரைப் பார்த்து முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் வேளார் வீட்டுக்குப் போகலாம். உடைந்த கொப்புளத்தின்மேல் மட்டும் காவியோ வேறு எதுவுமோ பூச வேண்டாம், சீழ் பிடிக்கும். கடையில் கேட்கும் அசைக்ளோவிர் களிம்பும் அக்கிக்குப் பிரயோஜனம் இல்லை. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் காவியை மறந்துவிட்டு அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும், பார்வையே போய்விடக்கூடும். மதுரைக்காரர்களுக்கு அண்ணாநகர் அரவிந்த் கைக்கெட்டும் தூரம்.

அண்ணன் மகனுக்கு வருகிறேன். பாட்டியின் அக்கிக் கொப்புள நீரிலிருந்தே அவனுக்கு அம்மை ஒட்டியிருக்கலாம். தொற்றிய 10-லிருந்து 21 நாளில் அம்மை தெரியும், கணக்கு ஒத்துப்போகிறது. (அவனிடமிருந்து பாட்டிக்கு அக்கி வராது, அந்தப் பயம் வேண்டாம்.) வேறு நோய் எதுவும் இல்லாத எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அசைக்ளோவிர் தேவைப்படாது, தானாக ஆறிவிடும். 12 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எக்ஸிமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் டாக்டர் கொடுப்பார். ஒரே வீட்டில் இரண்டாவதாக வரும் பிள்ளைக்குக் கொஞ்சம் கடுமையாக வரும் என்பதால் சில டாக்டர்கள் கொடுப்பதுண்டு. முதல் கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், எடைக்குத் தகுந்தாற்போல் அளவு. நேற்றுத்தான் போட்டது என்கிறீர்கள், ஆகவே வேண்டுமா வேண்டாமா என்பதை இன்றைக்கே ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மதினியின் 'பாதி' கணக்கு வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அம்மையில் அதைக் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் சேர்த்துத் தாக்கும் ரே நோய் வரக்கூடும். ஐபுப்ரோஃபெனும் வேண்டாம். வேப்பிலை கட்டுவது, மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வது, பிள்ளையைத் தனியே படுக்க வைப்பது எல்லாம் இருக்கட்டும். தனியே படுக்க வைப்பது உண்மையிலேயே நல்ல மருத்துவம். இளநீர், மோர், கஞ்சி தாராளமாகக் கொடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சூடேறினாலோ தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை காத்திருக்காதீர்கள்.

அம்மாவுக்கு மறுபடி அக்கி வருமா என்ற கேள்வி உங்களுக்கு வரும். சிலருக்கு வருகிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கான ஷிங்க்ரிக்ஸ் தடுப்பூசி 2023-லிருந்து இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு தவணை, உயிருள்ள வைரஸ் இல்லாதது, சிறுநீரகம் குறைந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். விலை அதிகம்தான். எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த 20 மாத்திரை. பிரிக்காத அட்டையாக இருந்து பில்லும் இருந்தால் வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள், சிலர் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடு குழைத்து, ஒரு பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது அக்கி என்று வந்து கேட்டால், மாத்திரைக்குப் பதிலாக அவருடைய கிரியாட்டினின் எவ்வளவு என்று கேளுங்கள்.